பொலிஸ் படிவத்தின் பின்பக்கம்

கையில் அகப்பட்ட தாளில் கிறுக்குவது என் கெட்ட பழக்கம். யுத்த காலத்தில், வெள்ளவத்தையில் வாடகை அறையில் இருந்தபோது, அந்தப் பழக்கம் என் தங்கச்சியைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தது.

கொள்ளுப்பிட்டியில் எனக்கு வேலை. அங்கே லினக்ஸ் சேவருக்குப் புதிய நெட்வேர்க் கார்ட் வந்திருந்தது. லினக்ஸின் கருவான கேர்னலுக்கு அதை அடையாளம் தெரியவில்லை. கார்டை இயக்கும் டிரைவர் நிரலை மொடியூல் என்ற தனிப் பகுதியாகக் கம்பைல் செய்து, ஓடிக்கொண்டிருக்கும் கேர்னலில் ஏற்ற வேண்டும். கேர்னலின் பதிப்பில் ஒரு புள்ளி மாறினாலும் ஏறாது. வீட்டுக் கம்பியூட்டரில் மூன்று நாள் மல்லுக்கட்டி வழி கண்டேன். கட்டளைகளை மேசையில் கிடந்த தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு காலையில் பஸ் பிடித்தேன்.

பதினொரு மணிக்கு வீட்டுக்கார அம்மா போன் எடுத்தார்.

“தம்பி, பொலிஸ் வந்து நிக்குது. தங்கச்சியின்ர பொலிஸ் பதிவுத் துண்டைக் கேக்கினம். இல்லையெண்டா பஸ்ஸில ஏத்திச் சிறைக்குக் கொண்டுபோவினமாம்.”

தாளைத் திருப்பினேன். போன கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவளின் பெயர், அதற்குக் கீழே பொலிஸ் முத்திரை. வடக்கிலிருந்து கொழும்புக்கு வரும் தமிழர் பொலிஸில் பதிந்து வைத்திருக்க வேண்டிய துண்டு அது. பின்பக்கத்தை மட்டும் போட்டோக்கொப்பி அடித்து, கூட வேலை செய்த சிங்கள நண்பரிடம் கொடுத்து, கட்டளைகளைச் சேவரில் ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு த்ரீவீலரில் பறந்தேன்.

தங்கச்சி பஸ் படிக்குக் கிட்ட நின்றாள். அதிகாரி முத்திரையைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு தாளைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்க எழுத்தும் இலக்கமும் கலந்த வரிகள், இரகசியச் சங்கேதம் போல.

“மே மொகக்த?” இது என்ன என்று கேட்டார்.

கம்பியூட்டர் கட்டளை என்றேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அன்று திக்கியது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

அலுவலக நம்பரைக் கேட்டு அவரே அழைத்தார். ஒரு வரியை வாசித்தார், அடுத்த வரி என்ன என்று கேட்டார். நண்பர் கொப்பியைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதிகாரியின் விரல் வரிவரியாக இறங்கியது.

“ஹரி மல்லி, கார்ட் எக வெடலு,” என்று தாளை நீட்டினார். சரி தம்பி, கார்ட் வேலை செய்கிறதாம்.

மூன்று நாள் காத்திருந்த செய்தி அது. எனக்கு ஒரு துளி சந்தோஷம் வரவில்லை. நான் கைநீட்டுவதற்குள் தங்கச்சி தாளை வாங்கி மடித்துக்கொண்டாள்.

“இது என்னட்டயே இருக்கட்டும், அண்ணா.”

கொழும்பில் இருந்தவரை அவள் அதை என் கையில் தரவே இல்லை.