ஜெபத்தில் விட்டுப்போன வரி

தையல்காரம்மா ஞாயிறு பள்ளியில் சொத்தையெல்லாம் அழித்துவிட்டு வீடு திரும்பும் கெட்டகுமாரன் கதையைச் சொன்னால், அப்பா ஓடிவந்து மகனைக் கட்டிக்கொள்ளும் இடத்தில் வாண்டுகளுக்கே கண் கலங்கிவிடும். ஆனால் பரமண்டல ஜெபத்தில், பிறரை மன்னிப்பதாகச் சொல்லும் வரி வந்தால் அவள் வாயில் பூட்டு விழுந்துவிடும். படுத்த படுக்கையாய்க் கிடந்த அம்மாவைத் தெருவில் விட்ட பாழாய்ப்போன தம்பி, கண்முன் வந்து நிற்பான்.

அன்று சபை முன்னால் பிள்ளைகள் ஜெபம் சொன்னார்கள். அந்த வரியில் அத்தனை பேரும் கப்சிப்பென்று தலைகுனிந்தார்கள்.

“மறந்துட்டீங்களா?” என்றார் போதகர்.

“இல்லங்கய்யா. அந்த இடத்துல டீச்சர் பேசமாட்டாங்க, நாங்களும் பேசமாட்டோம்,” என்றாள் ஒரு சிறுமி.

“நீங்களே எடுத்துக் குடுங்கம்மா,” என்று போதகர் தையல்காரம்மாவைப் பார்த்தார்.

எழுந்தாள். தொண்டையைக் கனைத்தாள். பிள்ளைகள் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பியின் முகம்தான் வந்தது, வரி வரவில்லை.