கிளேர் அடிக்காத கண்ணாடி

கீழ்க்கட்டளையில் ஒரு ட்யூஷன் சென்டரில் பிசிக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வேலை போய் உட்கார்ந்திருந்த நேரம். வீடியோ பாடம் நன்றாக வந்தால் என்னை நிரந்தரமாக்குவதாக சென்டர் ஓனர் சொல்லியிருந்தார். அந்த வேலை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் எடுத்ததைப் பார்த்து முகம் சுளித்தார். "இன்னா மேடம், கண்ணாடி ஃபுல்லா லைட் அடிக்குது. மூஞ்சியே தெரியல. கிளேர் அடிக்காத கோட்டிங் போட்டுகினு வாங்க."

என் இடது கண் பிறந்ததிலிருந்தே ஒதுங்கி நிற்கும். பிள்ளைகள் ஒன்றரைக்கண்ணு என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். இந்த மனுஷனுக்குத் தெரியாது. சம்பளக்காரியை ஏறிட்டுப் பார்த்தால்தானே!

தாம்பரத்தில் கண்ணாடிக் கடைக்காரர், "இனிமே உங்க கண்ணு பளிச்னு தெரியும் மேடம்" என்றார். தெரியக் கூடாது என்றுதானே எனக்கு. போடாவிட்டால் வேலை இல்லையே, போட்டேன்.

போட்டதும் போட்டேன், அதையே பாடமாக நடத்தினேன். லென்ஸின் அடியில் கீறல் தாங்கும் கெட்டிப் பூச்சு. மேலே தண்ணீரும் விரல்கறையும் ஒட்டாத வழுக்கல் பூச்சு. நடுவில் இருப்பவை ஒளியின் அலைநீளத்தை அளந்து போட்ட மெல்லிய அடுக்குகள். அடுக்கின் மேல்முகத்தில் பட்டுத் திரும்பும் அலையின் மேடு, அடிமுகத்தில் பட்டுத் திரும்பும் அலையின் பள்ளத்தில் வந்து விழும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். வெளியே திரும்ப வேண்டிய வெளிச்சம் உள்ளே போய்விடும். அழியாமல் திரும்பும் மிச்சம்மீதிதான் கண்ணாடியில் தெரியும் பச்சைச் சாயல். சும்மா சொல்லக் கூடாது, அருமையாக நடத்தினேன்.

எடுத்த வீடியோவை ஓட்டிப் பார்த்தபோது கேமராக்காரன் கேட்டான்: "அண்ணா, மேடம் நம்மளப் பாக்குறாங்களா, ஃபேனப் பாக்குறாங்களா?"

ஓனர் மேசையைத் தட்டிச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"பாடம் சூப்பர் மேடம்," என்றார், சிரித்து முடித்து. "வாய்ஸ் உங்களுதே இருக்கட்டும். மூஞ்சிக்கு நம்ம ரிசப்ஷன் பொண்ண நிக்க வெச்சுக்கலாம். எங்க கைய ஆட்டணும்னு நீங்களே சொல்லிக்குடுத்துடுங்க. உங்களுக்கு வேல பர்மனென்ட்."

நாசமாய்ப் போவான் என்று மனதுக்குள் சபித்தேன். வாய், "சரி சார்" என்றது.

மறுநாள் அதே பாடம். அந்தப் பெண்ணிடம் பாடத்தில் போட்டுக் காட்டக் கண்ணாடி இல்லை, என்னுடையதைக் கழற்றித் தரச் சொன்னார்கள். கொடுத்தேன். அது இல்லாமல் எனக்கு மானிட்டரில் ஒரு மண்ணும் தெரியாது. பாடம் மனப்பாடம்தான், மைக்கைப் பிடித்துச் சொல்லி முடித்தேன்.

"வாயசைப்பு கரெக்டா கீதுங்களா, மேடம்?" என்று ஓனர் கேட்டார்.

கரெக்டாக இருக்கிறது என்றேன்.