வலது மணிக்கட்டு

போலீஸ் பயிற்சியில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது நடப்பது. சும்மா சொல்லக் கூடாது, இன்றைக்கும் நான் கடைக்குப் போகிற நடையைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள். சட்ட வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும். விடிந்ததிலிருந்து வெயிலில் பரேடு போட்டவளுக்கு அப்போது கண் சொக்காமல் வேறென்ன செய்யும்? அழுதுகொண்டு வருகிறவளிடம் எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படி எழுதுவது என்று ஒரு வகுப்பு அட்டவணையில் இருந்தது. அன்றைக்கு யாரோ வி.ஐ.பி. வந்துவிட்டார். எங்களை வேனில் ஏற்றி பந்தோபஸ்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த வகுப்பு பிறகு நடக்கவேயில்லை.

நாமக்கல் பக்கத்துக்காரியான எனக்குச் சேலம் நகரத்தில் ஒரு ஸ்டேஷனில் வேலை போட்டார்கள். அங்கே எழுத்து வேலை முழுவதும் ரைட்டர் கையில். வயதானவர், நல்ல மனுஷன், அதையும் சொல்ல வேண்டும். முதல் வாரமே ஒரு பழைய கேஸ் கட்டை என் முன்னால் வைத்தார்.

“அங்க படிச்சத அங்கயே விட்டுரும்மா. இது தண்டனை வாங்குன கேஸ். ராசியான கட்டு. அடிதடின்னு யாரு வந்தாலும் இதப் பாத்து எழுது. பேரு, ஊரு, தேதி மட்டும் மாத்திரு.”

ஸ்டேஷனில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். அடிதடிக்கு ஒரு ராசியான கட்டு, திருட்டுக்கு ஒன்று. கோர்ட்டில் ஒருமுறை நின்ற வாசகம் மறுபடியும் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கும் அது வசதியாக இருந்தது. ஈயடிச்சான் காப்பி அடிக்க மூளை எதற்கு?

அந்தப் பெண் ஒரு காலை நேரத்தில் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். எடப்பாடியில் பிறந்தவர், சேலத்தில் வாடகை வீடு. புருஷன் இரும்புக் குழாயால் அடித்ததில் இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு நேராக எங்களிடம் வந்திருந்தார்.

“அந்தாள உள்ள போட்டாத்தானுங்க மேடம் நா எடப்பாடில எங்கம்மா ஊட்ல போயி நிம்மதியா இருக்க முடியும். இல்லீன்னா அங்கயும் வந்து நிப்பாருங்க” என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அவர் சொல்லச் சொல்ல நான் தலையை ஆட்டினேன். கண் மட்டும் ராசியான கட்டின் மேலேயே இருந்தது. பேரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், தேதியை மாற்றினேன். பழைய கேஸில் உடைந்தது வலது மணிக்கட்டு. அதை மாற்றவில்லை. ‘படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது’ என்று கடைசி வரியையும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். படித்துக் காட்டவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவரின் கட்டுப் போட்ட கை என் மேஜை மேல்தான் இருந்தது. நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

கேஸ் கோர்ட்டுக்கு வந்தபோது அக்கம்பக்கத்துச் சாட்சிகள் இரண்டு பேரும் “நாங்க பாக்கலீங்க” என்று கழன்றுகொண்டார்கள். மிச்சமிருந்தது அந்தப் பெண்ணின் பேச்சும் நான் எழுதிய புகாரும். எதிர்த்தரப்பு வக்கீல் டாக்டர் சர்டிபிகேட்டை ஒரு கையிலும் புகாரை மறுகையிலும் வைத்துக்கொண்டு அவரைக் கேட்டார். உடைந்தது இடது என்கிறார் டாக்டர், வலது என்கிறீர்கள் நீங்கள், எது பொய்? அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். அப்படியானால் புகார் பொய்யா, இது உங்கள் கையெழுத்துதானே என்றார் வக்கீல். “போடச் சொன்னாங்க, போட்டனுங்க” என்றார் அவர்.

அடுத்து நான் கூண்டில் ஏற வேண்டும். இன்ஸ்பெக்டர் வராந்தாவில் என்னை நிறுத்தி, “அவங்க சொன்னதத்தான் எழுதுனேன்னு மட்டும் சொல்லு. காப்பி அடிச்சேன்னு வாய விட்டேன்னா வேலை போயிரும், பாத்துக்க” என்றார்.

“புகார்தாரர் வலது மணிக்கட்டு என்றுதான் சொன்னாரா?” என்று கேட்டார் வக்கீல்.

“ஆமாம் ஐயா. அவர் சொன்னபடியே எழுதினேன்” என்றேன். குரல் நடுங்கவில்லை. பின் பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

தீர்ப்பு நாளில் எனக்குக் கோர்ட் டியூட்டி. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அந்த ஆளை விடுதலை செய்தார்கள். அவன் வெள்ளைச் சட்டையில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனான். அவர் என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நாந்தானுங்க மேடம் பதட்டத்துல வலதுன்னு மாத்திச் சொல்லிப்போட்டனாட்ட இருக்குது. என்னால உங்களுக்கும் சங்கடமுங்க. மனசுல வெச்சுக்காதீங்க சாமி.”

நான் இல்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லைங்க என்றேன்.

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். அவன் சாலையைத் தாண்டி பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தான்.

“ஏனுங்க மேடம், அந்தாளும் எடப்பாடி பஸ்ஸுக்குத்தான் நிக்கறாரு. நா அடுத்த பஸ்ஸுல போகட்டுங்களா?”

“அடுத்ததுல போங்க” என்றேன்.