தாழி பக்கத்தில் எடுத்த படம்

கல்யாணமாகிச் சில வருடங்கள் கழிந்தும் எனக்குக் குழந்தை இல்லை. அதற்காக வேண்டிக்கொள்ளச் சத்தியமங்கலம் பக்கம் ஒரு கோவிலுக்குப் போத்தனூரிலிருந்து காரில் போனோம். கணவர் ஓட்டினார், மாமியார் முன்சீட்டில், நான் பின்னால். போனபோது நடை சாத்தியிருந்தது. சாயங்காலம்தான் திறப்பார்கள் என்றதும், வெயிலுக்கு ஒதுங்க அருகிலிருந்த சின்ன அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம்.

உள்ளே கல்லூரிப் பெண்கள் சிலர் இருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்பு சிவப்புக் கலயங்கள், துருப்பிடித்த வாள், உடைந்த சங்கு வளையல்கள். யாரோ ஒருத்தி போட்டுப் போட்டு ஓரம் தேய்ந்த வளையல்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

கடைசி அறையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தாழி. இறந்தவர்களை வைத்துப் புதைத்த பானை. இதில் ஒரு குழந்தையின் எலும்புகள் இருந்தன என்று பலகையில் எழுதியிருந்ததைக் கணவர் சத்தமாக வாசித்தார்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "பாத்தியா அம்மணி, மண்ணுப் பானை வவுத்துலகூட ஒரு கொழந்தை இருந்திருக்குது. உன்ற வவுத்துல அதுகூட இல்லியே."

கல்லூரிப் பெண் ஒருத்தி சட்டென்று தலை குனிந்துகொண்டாள். கணவர் வாய்விட்டுச் சிரித்தார். "போயி அது பக்கத்துல நில்லு, ஒரு போட்டோ எடுத்துப்போடறேன்."

நின்றேன். அங்கேயே அதைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டார். 'ரெண்டும் காலிப் பானை' என்று எழுதியிருந்தார். சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்தன. என் அண்ணனும் ஒன்று அனுப்பியிருந்தான்.

"ஏனுங்க, டாக்டர் உங்களையும் டெஸ்டுக்குக் கூப்பிட்டாருங்களே. வரமாட்டேன்னு சொன்னதை அத்தைகிட்டச் சொன்னீங்களா?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஆம்பளைக்கு என்னடி டெஸ்ட்டு?" என்றார் மாமியார். கணவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்க் காரை எடுத்தார். நான் வாசலுக்கு வந்தபோது கார் ரோட்டில் ஏறிவிட்டது.

பஸ் பிடித்து மேட்டுப்பாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா சோறு போட்டார்.

"மாப்பள போன் பண்ணிப்போட்டாரு கண்ணு. உண்டுபோட்டுப் பொழுதோட கெளம்பு. அண்ணனைக் கொண்டுபோயி உடச் சொல்றேன்."

அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். "பெரியவங்க ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்றபடி குழம்பு ஊற்றினார்.

அண்ணன் வண்டியில் போத்தனூர் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டான். கதவைத் திறந்த மாமியார் என் நெற்றியில் கோவில் குங்குமத்தை வைத்துவிட்டு, "மாவு இருக்குது, தோசை ஊத்து" என்றார்.