வெள்ளையாகத் தெரிந்த தொடை

எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன் வேலை என்பது, ஒருவரின் உள்ளே இருப்பதையெல்லாம் பார்த்துவிட்டு, அவர் வெளியே வந்ததும் ஒன்றும் சொல்லாமல் அனுப்பி வைக்கிற வேலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருக்கும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டாம். கீழ்புத்துப்பட்டு ரோட்டோரம் எங்கள் ஸ்கேன் சென்டர். நாள் பூராவும் மைக்கில் நான் பேசுவது 'அசையாதீங்க' ஒன்றுதான். வீட்டுக்குப் போனால் அதைச் சொல்லக்கூட ஆளில்லை.

தானாக மிதித்த கால்

ஏழுமலைக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. தொடைச் சதை கரைந்து, அந்த இடத்தில் கொழுப்பு ஏறுகிற நோய். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் அனுப்புவார்.

முதல் முறை படமெல்லாம் கலங்கல். மறுபடி எடுத்தேன், அதுவும் கலங்கல். எட்டிப் பார்த்தால், மெஷின் டக் டக்கென்று அடிக்க அடிக்க, இரண்டு காலும் மாறி மாறி மிதிக்கின்றன. உப்பு சீசனுக்கு முன்னால் பாத்தித் தரையை வரிசையாக நின்று தாளம் தப்பாமல் மிதித்து இறுக்குவார்களே, அந்தப் பழக்கம். மைக்கில் கத்திவிட்டேன்.

"நான் எங்க சார் ஆட்டுனேன்? சத்தம் கேட்டா அதுவா மிதிக்குது."

நல்ல விளைச்சல்

அடுத்த முறை காலைப் பட்டை போட்டுக் கட்டியே எடுத்தேன். முடிந்து வெளியே வந்தவர் திரையில் தன் தொடையைப் பார்த்துவிட்டார். மூட மறந்தது என் தப்பு. நல்ல சதை கறுப்பாகத் தெரியும், கொழுப்பு வெள்ளையாக. போன தடவை ஓரத்தில் இருந்த வெள்ளை இப்போது நடுவரைக்கும் வந்திருந்தது. அவசரமாகத் திரையை அணைக்கப் போனேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பரவால்லியே சார், நல்லா வெள்ளையா விளைஞ்சிருக்குது!"

டாக்டர் சொல்வார்

மூன்றாம் முறை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். துணைக்கு யாருமில்லை. இந்த சீசனுக்கு மிதிக்க அவரை யாரும் கூப்பிடவில்லையாம். படம் எடுத்து முடிந்ததும், அடுத்த சீசனுக்காவது பாத்தியில் இறங்குவேனா என்று கேட்டார். திரையில் நான் கறுப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "டாக்டர் சொல்வாருங்க" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னார்:

"டாக்டரு பேப்பரத்தான சார் பாக்கறாரு. என் கால உள்ளார பாத்த ஒரே ஆளு நீங்கதான்."

அடுத்தவர் தொடையில் எத்தனை சதவீதம் கொழுப்பு என்று புள்ளி பிசகாமல் அளக்கத் தெரிந்த எனக்கு, எதிரே நிற்கிறவரிடம் பேச இன்றுவரை 'டாக்டர் சொல்வாருங்க' என்கிற அந்த ஒரு வாக்கியம்தான் தெரியும்.