கையில் ஏறாத வளையல்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. திருவண்ணாமலையில், தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சின்னச் சந்தில் குடியிருந்தோம். எனக்குத் தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு என்று நாள் குறித்திருந்தார்கள்.

அதற்கு ஐந்து நாள் முன்பு பௌர்ணமி. இப்போது போல அப்போது கூட்டம் கிடையாது. புளியமர நிழலும், எப்போதாவது எதிரே வரும் மாட்டு வண்டியுமாக மலையைச் சுற்றும் பாதை அவ்வளவு அமைதியாக இருக்கும். நடந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று மாமியாரோடு விடியற்காலையில் கிளம்பி, வெறுங்காலில் மலை சுற்றி வந்தேன்.

மறுநாள் இரண்டு காலும் வீங்கிவிட்டன. எங்கள் ஊரில் கால் வீங்கினால் யாரும் காரணம் தேட மாட்டார்கள். மலை சுற்றிய கால் வீங்காமல் என்ன செய்யும்? மாமியார் பார்லிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். மூன்றாம் நாள் தலைவலி வந்தது. நான் மூச்சு விடவில்லை. சொன்னால் வளைகாப்பைத் தள்ளிப் போட்டுவிடுவார்களே! கத்திரிப்பூ நிறத்தில் பட்டுப் புடவை எடுத்து வைத்திருந்தேன், விடுவேனா?

வளைகாப்பு அன்று காலையில், எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் வளையல்கார பாய் வந்தார். முப்பது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டார். இரண்டு வாரம் முன்பே என் கைக்கு அளவு பார்த்துவிட்டுப் போயிருந்தார். பாட்டும் சிரிப்பும் புளிசாத வாசனையுமாக வீடே அமளிப்பட்டது. முதல் வளையலை என் கையில் ஏற்றினார், ஏறவில்லை. இன்னொன்றை ஏற்றினார், உடைந்தது. வளைகாப்பில் வளையல் உடைந்தால் எப்படி இருக்கும்? எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அளவு எடுத்துட்டுப் போனீங்களே, கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

அவர் கையிலிருந்த வளையலைக் கீழே வைத்தார். என் புறங்கையை விரலால் அழுத்தினார். விழுந்த குழி எழும்பவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"தலை வலிக்குதாம்மா? கண்ணு முன்னால பூச்சி பறக்குதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து கண் முன்னால் மினுக்கு மினுக்கென்று என்னவோ பறந்துகொண்டுதான் இருந்தது. தலையாட்டினேன். "மலை சுத்தி வந்தா, அதான் வீக்கம்" என்றார் மாமியார்.

பாய் அவரிடம் திரும்பினார். "அம்மா, நடந்ததால கால் வீங்குச்சு, சரி. கையும் மொகமும் ஏன் வீங்குது? கையாலயா மலை சுத்தினாங்க? என் சம்சாரத்துக்கும் இப்படித்தான் வந்துச்சு. புள்ளத்தாச்சிக்கு சகஜம்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் உட்டுட்டேன். ரெண்டு உசுரும் போயிடுச்சு. வளையல் அப்புறம் போட்டுக்கலாங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க."

பட்டுப் புடவையோடு குதிரை வண்டியில் ஏறினேன். ஆஸ்பத்திரியில் ரத்தக்கொதிப்பைப் பார்த்த டாக்டரம்மா அதற்குமேல் என்னை ஓர் அடி நடக்க விடவில்லை. "இன்னைக்கு வராம இருந்தா வலிப்பு வந்திருக்கும்" என்றார். ஊசியும் மருந்துமாக இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் மகள் பிறந்தாள். மாதம் நிறையாத பிள்ளை, கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள். ஆனாலும் வீறிட்டு அழுதாள்.

மூன்று மாதம் கழித்து பாய் எங்கள் தெருவில் வந்தபோது ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "வளையல் வாங்குறவங்க திட்டாம இருந்தாத்தாம்மா எனக்கு பயம்" என்று சிரித்தார். குழந்தையைக் கேட்டு வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து நானும் அழுதுவிட்டேன்.

இன்றும் எந்தக் கர்ப்பிணி கால் வீக்கம் என்றாலும், கை வீங்குகிறதா, தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா என்று கேட்டு நச்சரித்து, டாக்டரிடம் அனுப்பிவிட்டுத்தான் ஓய்வேன். அந்த மனிதரின் மனைவிக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை, எனக்குச் சொல்ல அவர் இருந்தார். நானும் என் மகளும் உயிரோடு இருப்பது அதனால்தான்.