அண்ணியின் அன்னாசித்தோல் போத்தல்

அன்றைக்கு அந்தக் குளியலறையில் அண்ணி இருந்தார், நான் இருந்தேன், கதவுக்கு வெளியே முதலாளியம்மா நின்றார். வேறு யாரும் இல்லை. தரையில் அண்ணியின் பச்சை மூடிப் போத்தல் இருந்தது. உள்ளே பால் கலக்காத தேநீர் நிறத்தில் அன்னாசித்தோல் தண்ணீர். யார் யார் இருந்தோம் என்று நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். எத்தனை முறை எண்ணினாலும், நடந்தது என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மலேசியாவின் கோலசிலாங்கூரில், மின்மினி பார்க்க வருகிறவர்கள் தங்கும் ஆற்றோர விடுதி அது. அண்ணி, என் பெரிய அண்ணனின் மனைவி. நாங்கள் இருவரும் அங்கே துப்புரவு வேலை பார்த்தோம். அதற்கு முன்பு பல வருடம் பள்ளிக்கூடக் கழிவறைகளை பிளீச் ஊற்றிக் கழுவினோம். மூக்கு எரிந்தால்தான் சுத்தம் என்று எங்களை மேய்த்த மண்டோர் பழக்கிவிட்டிருந்தார். அந்த பிளீச் அண்ணியின் நெஞ்சைக் கெடுத்துவிட்டது. மூச்சு இழுக்கும்போது உள்ளே விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். இனி அதைத் தொடக்கூடாது என்று அரசாங்க கிளினிக்கில் கண்டித்துச் சொல்லிவிட்டார்கள். வேலையையும் விட முடியாது. சர்க்கரை வியாதியில் ஒரு காலை இழந்து அண்ணன் வீட்டில் இருந்தார்.

அண்ணி கைப்பேசியில் பார்த்துத்தான், பிளீச்சுக்குப் பதிலாக அந்தத் தண்ணீரைச் செய்யக் கற்றுக்கொண்டார். சந்தையில் அன்னாசி சீவுகிறவனிடம் தோலைக் கேட்டு வாங்குவார். ஒரு பங்கு சீனி, மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர். மூன்று மாதம் ஊற வேண்டும். முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியே விட வேண்டும், இல்லாவிட்டால் போத்தல் வெடித்துவிடும். ஒவ்வொரு காலையும் 'உஸ்' என்று சத்தம் வரும். "உங்கண்ணனுக்கு இவன் தேவல, புள்ள. மூடியத் தொறந்தாத்தான் சத்தம் போடுறான்" என்பார். உள்ளேயிருந்து அண்ணன், "எல்லாம் கேக்குதுலா!" என்று கத்துவார்.

முதலாளியம்மாவுக்கும் அந்தத் தண்ணீர் பிடித்திருந்தது. கழுவிய நீர் ஆற்றுக்குத்தானே போகிறது, மின்மினிக்கு ஒன்றும் ஆகாது என்றார். எனக்குத்தான் நம்பிக்கையில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். பயப்படுவதற்குப் படிப்புத் தேவையில்லை. பிளீச் வாடை அடிக்காத கழிவறையை இரண்டாம் முறையும் தேய்ப்பேன்.

அப்போதுதான் ஒரு விருந்தாளி, குளியலறை ஓடுகளின் இடுக்கில் இருந்த கறுப்புப் பூஞ்சணத்தைப் படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டார். சனிக்கிழமைக்குள் அது போகாவிட்டால் கிள்ளானிலிருந்து வேறு ஆட்களை எடுப்பேன் என்றார் முதலாளியம்மா. "தேய்ச்சா போயிரும், ஏன் பதறுற?" என்றார் அண்ணி. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எங்கள் இருவரின் வேலையும் போய்விட்டால் இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்?

சனிக்கிழமை காலை ஒரு சின்னப் போத்தலில் பிளீச்சை மறைத்து எடுத்துக்கொண்டு போனேன். தனியாக ஊற்றினால் அண்ணி மோப்பம் பிடித்துவிடுவார். அவர் தண்ணீரில் கலந்தால் புளித்த வாடையில் மறைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவர் பிரஷ் எடுக்கப் போன நேரத்தில் பச்சை மூடிப் போத்தலில் ஊற்றினேன். புளித்த தண்ணீரும் பிளீச்சும் சேர்ந்தால் விஷக்காற்று வரும் என்று எனக்குத் தெரியாது. எதனோடும் கலக்கக்கூடாது என்று பிளீச் போத்தலிலேயே மலாயில் எழுதியிருந்தது. அத்தனை வருடத்தில் நான் அதைப் படித்ததில்லை.

அண்ணி திரும்பி வந்து, மூலையில் மண்டியிட்டு, சுவரில் ஊற்றினார். "என்னா புள்ள, இன்னிக்கு வாடை வேற மாரி இருக்கு?"

"தோலு கூடப் புளிச்சிருக்கும் அண்ணி."

அவ்வளவுதான் சொன்னேன். அண்ணி மூச்சுக்குத் திணறி, என் கண்ணும் எரியத் தொடங்கிய பிறகுதான் அவரை வெளியே இழுத்தேன். முதலாளியம்மா காரை எடுத்தார். பக்கத்துத் தனியார் கிளினிக்கில் அண்ணிக்கு முகமூடி மாட்டி, மூச்சில் இழுக்கும் புகை மருந்து வைத்தார்கள். எதையாவது கலந்தீர்களா என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முகமூடிக்குள்ளிருந்து அண்ணி, "ஒன்னும் கலக்கல டாக்டர், வெறும் அன்னாசித்தோலு" என்றார். கட்டணம் இருநூற்று அறுபது வெள்ளி. நான்தான் கட்டினேன்.

பூஞ்சணம் போய்விட்டது. என் வேலையும் நிலைத்தது. அண்ணிதான் அதற்குப் பிறகு வரவில்லை. வீட்டிலிருந்து வாசல் வரை நடந்தாலே மூச்சு இளைக்கிறது. தன் கைப்பக்குவம்தான் கெட்டுவிட்டது என்று நம்பி, ஊறிக்கொண்டிருந்த அத்தனை போத்தல்களையும் சாக்கடையில் கொட்டினார். நானும் கூட நின்று மூடி திறந்து கொடுத்தேன்.

இப்போது அந்தத் தண்ணீரை நான் செய்கிறேன், அவர் சொன்ன அதே அளவில். பிரஷ் போட்டு நன்றாகத் தேய்த்தால் பூஞ்சணம் போகத்தான் செய்கிறது. கை வலிக்கும், அவ்வளவுதான்.

கிளினிக் கட்டணத்துக்கென்று அண்ணி மாதம் இருபது வெள்ளி மிச்சம் பிடித்து என் கையில் திணிக்கிறார். வேண்டாம் என்றால் கோபம் வருகிறது. "நீ என்னா தப்புப் பண்ணுன? ஒங்காசு ஏன் போவணும்?"

இன்று காலையும் பச்சை மூடியைத் தளர்த்தினேன். 'உஸ்' என்றது. கடைசி இருபது வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். இன்னும் எண்பது வெள்ளி பாக்கி.